பலர் சேர்ந்து நடத்தும் கோப்பிக்கடை: யாருடைய கடை, யாருடைய கணக்கு?

வாசகர் கேள்வி

மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் 14 பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டின் முன்பகுதியை இரண்டு வருட வாடகைக்கு எடுத்து, 7 மாதங்களாகக் கோப்பிக்கடை நடத்துகிறோம். வெள்ளி, சனி இரவுகளில் பாட்டும் வாத்தியமும் உண்டு. வாடகைக் கடதாசியும் வியாபாரப் பெயரும், அதிகம் பணம் போட்ட ஒரு நண்பரின் பெயரில் இருக்கின்றன. மாதத்தில் 26 நாள் திறக்கிறோம். சாதாரண நாளில் 10,000 ரூபாய்க்கும், இசை இரவு உள்ள நாளில் 16,250 ரூபாய்க்கும் விற்பனையாகிறது. கோப்பி ஒன்று 150 ரூபாய். மொத்த விற்பனை 310,000. பொருட்களுக்கு 120,000, வாடகை 45,000, ஊழியர் இருவருக்கு 90,000, மின்சாரமும் தண்ணீரும் 18,000, எரிவாயு 14,000 போக 23,000 மிஞ்சுகிறது. அதைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இலவசமாக வாசிக்க வரும் மாணவர்கள் இப்போது முகம் சுளிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் சத்தத்தைப் பற்றிப் பொலிசில் முறையிட்டிருக்கிறார். ஓர் உறுப்பினரின் மாமா, தன்னைப் பங்காளியாகச் சேர்த்தால் 5 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் கம்பனியாகப் பதிவதா, கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதா? இசை இரவுக்கு ரிக்கற் போடலாமா?

– வாசகி, கல்லடி

ஆலோசகர் பதில்

அன்பின் சகோதரிக்கு,

பதிவைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எந்தப் பதிவு பொருந்தும் என்பது, அந்தக் கடை உண்மையில் யாருடைய பணத்தாலும் யாருடைய உழைப்பாலும் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் தொகைகளை மறைக்காமல் எழுதியிருப்பதனால் என் வேலை இலகுவாகிவிட்டது.

மிஞ்சியதாக நீங்கள் எழுதியிருக்கும் 23,000 ரூபாய் உங்களுடையது அல்ல. ஊழியர் இருவருக்கும் நீங்கள் சம்பளம் மட்டுமே கொடுக்கிறீர்கள் என்று பட்டியலிலிருந்து விளங்குகிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் செலுத்த வேண்டியது சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். 90,000 ரூபாய்க்கு இவை சேர்ந்து 13,500 ஆகும். இது தவிர, ஊழியரின் பங்கான 8 வீதத்தையும் அவர்களுடைய சம்பளத்தில் கழித்து நீங்களே கட்ட வேண்டும். கடை சிறியது, நண்பர்களின் முயற்சி என்ற காரணங்களைத் தொழில் திணைக்களம் ஏற்காது. நிலுவை சேரச் சேர மேலதிகக் கட்டணமும் சேரும். அடுத்து, கோப்பி இயந்திரம், அரைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை 360,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டதாக இணைப்பில் குறித்திருக்கிறீர்கள். அவை 5 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்தால், பெறுமானத் தேய்வாக மாதம் 6,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் கல்லடியில் 5 ஆண்டு என்பதே தாராளமான கணிப்பு. இவ்விரண்டையும் கழித்தால் எஞ்சுவது 3,500 ரூபாய். 14 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 250.

அந்த 3,500 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இசை இரவு உள்ள நாளில் உங்களுக்கு 6,250 ரூபாய் கூடுதலாக விற்கிறது. உங்கள் விற்பனையில் ஏறத்தாழ 39 வீதம் பொருட்களுக்குப் போகிறது. அதன்படி கழித்தால் ஓர் இசை இரவு தருவது சுமார் 3,800 ரூபாய், எட்டு இரவுகளுக்குச் சுமார் 30,000. இந்தத் தொகை இல்லாவிட்டால் கடை மாதந்தோறும் நட்டத்தில் ஓடும். உங்கள் வாடகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், பயிற்சி முடித்து நேரே வயலினோடும் மிருதங்கத்தோடும் வந்து, ஒரு கோப்பியும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு இரவு பஸ்ஸைத் தேடிப் போகும் அந்த மாணவர்கள்தான். அவர்கள் முகம் சுளிப்பதில் எனக்கு வியப்பு இல்லை. விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உங்கள் பகுதியிலேயே இருப்பதனால் இளம் கலைஞர்களுக்குப் பஞ்சம் வராது என்று நினைத்திருப்பீர்கள். ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் காசு கிடையாது என்ற பேச்சு ஒரு தடவை பரவிவிட்டால், நன்றாக வாசிப்பவர்கள் முதலில் நின்றுவிடுவார்கள்.

ஆகவே எட்டு இரவுகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். சனிக்கிழமையை அழைக்கப்பட்ட கலைஞருக்குரிய இரவாக ஆக்குங்கள். இருவருக்குத் தலா 2,000 ரூபாய் நிச்சயமான கொடுப்பனவாகக் கொடுங்கள். விற்பனை குறைந்தாலும் மழை கொட்டினாலும் அந்தத் தொகை குறையக் கூடாது. அதற்கு மேல், சபையில் ஒரு பெட்டியைச் சுற்றி அனுப்பி, அதில் விழுவது முழுவதையும் கலைஞருக்கே கொடுத்துவிடுங்கள். பெட்டியை எண்ணும்போது கலைஞர்களில் ஒருவர் அருகில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமையை, விரும்பியவர் வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போகும் திறந்த இரவாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று யாரையும் அழைப்பதில்லை, யாருக்கும் வாக்குக் கொடுப்பதுமில்லை, பெட்டி மட்டும் சுற்றும். தானாக வந்து பாடுகிறவருக்கும், நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு நேரம் குறித்துக் கொடுத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்.

இந்த ஏற்பாட்டினால் மாதம் 16,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். 3,500 மிச்சம் 12,500 பற்றாக்குறையாக மாறும். அதை ஈடுசெய்ய மாதம் சுமார் 20,500 ரூபாய் விற்பனை கூட வேண்டும். 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதாவது தினமும் ஆறு கோப்பி. இது எட்டக்கூடிய இலக்கு. பகல் 11 மணிக்குத் திறப்பதாகவும் இணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். கல்லடிப் பாலத்தைக் கடந்து காலையில் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் போகிற கூட்டம் முழுவதும் உங்கள் கதவு பூட்டியிருக்கும்போதே போய்விடுகிறது. காலை 7 மணிக்குத் திறந்து, அயலிலுள்ள பெண்கள் வீட்டில் செய்து தரும் இடியப்பத்தையும் பிட்டையும் விற்று, விலையில் ஒரு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்ளும் முறையைப் பரிசோதித்துப் பாருங்கள். உங்கள் சமையலறைக்கு அதிக வேலை இல்லை, முதலும் முடங்காது. தேநீர் விற்பதற்கும் வெட்கப்பட வேண்டாம். 1869 இல் பரவத் தொடங்கிய இலை நோயினால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்த பிறகு நாமெல்லோரும் தேத்தண்ணிக்காரராகிவிட்டோம். மல்லியும் சுக்கும் இடித்துப் போட்ட கோப்பி, காய்ச்சல் வந்த நாளுக்கும் இழவு வீட்டு இரவுக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. அந்த மல்லிக் கோப்பியை நுரை தள்ளும் கோப்பியோடு உங்கள் விலைப்பட்டியலில் சேர்த்தால், வயதானவர்கள் அதற்காகவே வருவார்கள் என்பது என் எண்ணம்.

இசை நடக்கும்போது விற்பனையை எப்படி வைப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். அமெரிக்காவின் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் நகரில் 1960 இல் தொடங்கப்பட்ட கஃபே லீனா என்ற சிறிய கோப்பியகம், அதை நடத்திய லீனா ஸ்பென்சர் 1989 இல் காலமான பின்னரும் மூடப்படவில்லை. இலாப நோக்கற்ற அமைப்பாகத் தொண்டர்களின் துணையோடு தொடர்ந்தது. அது நிலைத்ததற்கு அங்கு வருவோர் பாட்டைக் கேட்க வருவதும் ஒரு காரணம். பாட்டு நடக்கும்போது உங்கள் அரைக்கும் இயந்திரம் ஓடக் கூடாது. ஊழியர் தட்டுகளோடு நடமாடக் கூடாது. தொடங்குவதற்கு முன் அரை மணி நேரமும், நடுவில் இருபது நிமிட இடைவேளையும் விற்பனைக்கு விடுங்கள். இடைவேளை சுருங்கினால் விற்பனையும் சுருங்கும் என்பதனால், நிகழ்ச்சி நடத்துபவர் பேச்சை நீட்டி அதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமது ஊரில் ஒலிவாங்கி கையில் கிடைத்தவரிடமிருந்து அதைத் திருப்பி வாங்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

இனி உரிமைக்கு வருகிறேன். இன்றைய நிலையில் சட்டத்தின் கண்ணில் கடை உங்கள் நண்பருடையது. வியாபாரப் பெயர் அவருடையது. கடனும் வரியும் அவர் தலையில். நாளை அவருக்கு ஏதும் நடந்தால், இயந்திரங்களும் தளபாடங்களும் அவருடைய வாரிசுகளின் சொத்தென்று வாதிடப்படலாம். மற்றப் பதின்மூன்று பேரும் கொடுத்தது பங்கா, கடனா, அன்பளிப்பா என்று எந்தக் கடதாசியும் சொல்லவில்லை. நாமெல்லோரும் பங்காளிகள் என்று நீங்கள் வாதிட்டாலும் சிக்கல் உண்டு: 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட முதலைக் கொண்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. எழுதிவிட்டால் வேறொரு சுமை வருகிறது. பங்குடைமையின் கடனுக்குப் பங்காளிகள் தத்தம் சொந்தச் சொத்தாலும் பொறுப்பாளிகளாவர். மாதம் ஐயாயிரம் போட்ட ஓர் ஆசிரியை, தன் வீட்டை அதற்குப் பணயம் வைத்ததாக நினைத்திருக்க மாட்டார்.

அதே 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நிலையான காலத்துக்குரிய வீட்டுக் குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும். நீங்கள் குறிப்பிடும் இரண்டு வருடக் கடதாசி, முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்திட்ட வெறும் ஒப்பந்தமாக இருந்தால், அந்த இரண்டு வருடத்தை நீங்கள் நம்ப முடியாது. சுவருக்கு வர்ணம் பூசி, வாசலில் மேடை கட்டி, கழிவறையைத் திருத்திய பிறகு உரிமையாளர் வெளியே போகச் சொன்னால், செலவழித்த பணத்துக்காக அலைய நேரிடும். உங்கள் வேலைகளில் இதுவே மிக அவசரமானது. எந்த அமைப்பின் பெயரில் பதிவதென்று முடிவானதும், அதன் பெயரிலேயே நொத்தாரிசு உறுதி முடித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் 5 இலட்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கலாம், பங்காளியாக அல்ல, கடன் தருபவராக. திருப்பிக் கொடுக்கும் தவணை, வட்டி உண்டா இல்லையா, கடன் கொடுத்ததனால் கடை நிர்வாகத்தில் வாக்குரிமை இல்லை என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தைத் தொட வேண்டும். அவர் இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காவிட்டால், அவர் தேடுவது வேறு ஏதோ என்று தெரிந்துகொள்வீர்கள். அந்தத் தெளிவும் பயனுள்ளதே. உங்களுக்குள்ளும் இதே வேலையைச் செய்ய வேண்டும். ஒரு மாலை எல்லோரும் கூடி, ஒவ்வொருவரும் இதுவரை போட்ட தொகையைப் பங்கு, கடன், அன்பளிப்பு என்று பிரித்து எழுதிக் கையெழுத்திடுங்கள். அதிகம் பணம் போட்ட நண்பரின் தொகையில் பெரும்பகுதியைக் கடனாக ஏற்று, மாதாமாதம் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பதே அவருக்கு நியாயமானது என்று நினைக்கிறேன். அவர் ஏமாற்றுவார் என்று யாரும் சொல்லவில்லை. பாரம் முழுவதையும் அவர் மேல் ஏற்றிவிட்டு உரிமையை மட்டும் பதினான்காகப் பிரிக்க முடியாது.

பதிவுக்கு உங்களிடம் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனி ஒன்றை அமைக்கலாம். அதில் பங்கு முதல் இல்லை. கம்பனி மூடப்பட்டால் யாப்பில் குறித்த ஒரு சிறு தொகையைத் தருவதாக உறுப்பினர் பொறுப்பேற்கிறார்கள், இலாபத்தைத் தமக்குள் பிரிப்பதில்லை. வெளி நிறுவனங்களின் மானியத்தை நம்பிக் கலை நிகழ்ச்சிகள் நடத்த எண்ணினால் இது பொருந்தும். ஆனால் கம்பனிச் செயலாளருக்கும் கணக்காய்வாளருக்கும் ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டும், உங்கள் இப்போதைய வருமானத்துக்கு அது பாரம். மற்றது, 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதியும் சங்கம். பத்துப் பேர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நீங்கள் பதினான்கு பேர். ஒருவர் எவ்வளவு பங்குப்பணம் போட்டாலும் அவருக்கு ஒரே வாக்கு. அயலவர்களும், கடைக்கு வந்து போகிறவர்களும், வாசிக்கும் கலைஞர்களும்கூடச் சிறிய பங்கோடு உறுப்பினராகலாம். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பின் கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயமாகிவிட்டதனால், நீங்கள் போக வேண்டியது மட்டக்களப்பிலுள்ள கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கு.

நான் சங்கத்தையே தெரிவு செய்வேன். கூட்டுறவுத் துறையில் வாழ்நாளைக் கழித்தவனின் பக்கச்சார்பு என்று சற்றுக் கழித்துவிட்டும் இதைப் படிக்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்றவுடன் உங்கள் வயதினருக்குப் பங்கீட்டு அரிசியும் பூட்டிய கிளைக் கடைகளும்தான் நினைவுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சங்கங்களில் பல நொடிந்ததற்குப் பொதுவான காரணம், கணக்கு முடிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், பொதுக்கூட்டத்துக்கு ஆட்கள் வராமல் நாலு பேர் கையிலேயே நிர்வாகம் தங்கிவிட்டதும் ஆகும். உங்களுக்கும் அதுவே நேரலாம். காசேட்டை ஒவ்வொரு இரவும் முடித்து, மறுநாள் காலையில் காசை வங்கியில் இட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு அந்தத் தாளைக் கடைச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். கோப்பி குடிக்க வருகிறவரும் படிக்கட்டும். இசைக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் குழுவில் பொருளாளர் இருக்க வேண்டாம். பணமும் தெரிவும் ஒரே கையில் இருந்தால், வேண்டியவருக்கு மேடை என்ற பேச்சு எழும்.

பக்கத்து வீட்டாரின் முறைப்பாட்டைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; சட்டம் அவர் பக்கமே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபைப் பகுதிக்கு விதிக்கும் எல்லை பகலில் 63 டெசிபல், இரவில் 50. அங்கே இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. காணியின் எல்லையில் 50 டெசிபல் என்றால், தணிந்த குரலில் இருவர் பேசும் அளவு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டிருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் ஓர் அறைக்கு ஸ்பீக்கர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. அதை விற்றுவிட்டு, தெருப்பக்க யன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு, பாடுபவரை உட்சுவர்ப் பக்கமாக இருத்தி, 9 மணிக்கு முடித்துவிடுங்கள். மத்தளமும் பறையும் மூடிய அறைக்குள் அடங்குவன அல்ல. கூத்துக் கலைஞர்களை அழைக்கும்போது மாலை 4 மணிக்கு முற்றத்தில் வையுங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நடக்கும் வாரங்களில் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவதாக அயலவருக்கு நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள். பொலிசில் சமாதானம் பேசுவதைவிட அது விரைவில் பலிக்கும்.

ரிக்கற் வேண்டாம். நுழைவுக்குப் பணம் வாங்கத் தொடங்கினால் 1946 ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச்சட்டம் குறுக்கிடும். மாநகர சபையில் முன்கூட்டியே பதிந்து வரி கட்ட வேண்டிவரும். அதைவிட, ரிக்கற் வாங்கியவர் ஒரு கோப்பியோடு நிறுத்திக்கொள்வார். சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது என்பதையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கும் ஊழியரின் மருத்துவச் சான்றிதழ்களைக் கடையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பாட்டுக்கும் சட்டம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளி வாழும் காலமும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். வியாபார இடத்தில் சினிமாப் பாட்டைப் பாடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அச்சட்டம் பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஆகவே கூத்துப் பாட்டை வியாபாரத்துக்காக ஒலிப்பதிவு செய்து விற்க எண்ணினால் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். கலைஞரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து முகநூலில் ஏற்றுவதும் தவறு. அழைக்கும்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் காரணங்களை விட்டுப் பார்த்தாலும், எல்லா இடத்திலும் கேட்கும் சினிமாப் பாட்டுக்கு உங்கள் இடம் தேவையில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா என்ற போர்த்துக்கேய வழிவந்த ஆட்ட இசை வாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூத்தின் இரு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடிக் காட்டக்கூடிய அண்ணாவிமார், அதாவது கூத்து ஆசிரியர்கள், இருக்கிறார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கவி சொல்லும் முதியவர்களையும் றபான் என்ற கைப்பறை அடிப்பவர்களையும் தேடிப் பிடிக்கலாம். அவர்களும் குடும்பத்தோடு வந்து உட்காருவதற்கு, சமையலறையில் ஹலால் இறைச்சி மட்டும் என்ற முடிவை இப்போதே எடுத்து எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

நண்பரோடு பேசி, கூட்டத்தை வைத்து, பங்கும் கடனும் பிரித்த தாளை முடித்தவுடன் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். சங்கத்தின் உபவிதிகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அதன் பிறகு எழுதுகிறேன். அதுவரை அந்த 23,000 ரூபாயை யாரும் பிரிக்க வேண்டாம். இந்த மாதத்துக்குரிய சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் முதலில் கட்டிவிடுங்கள்.